மகள் முன்னே நடந்த ஸஃபர்



வெளிநாட்டில் படிக்கும் பிள்ளையின் படிப்பு முடியும் வேளையில் பெற்றோர் விமானம் ஏறிச் சென்று, பட்டமளிப்பு விழாவைக் கண்டு, பிள்ளையோடு சில நாள் ஊர்களைச் சுற்றித் திரும்புவது நம் சமுதாயக் குடும்பங்களில் இப்போது அரிதான செய்தி அன்று. திரும்பி வந்தவர்களிடம் உறவினர் கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள். "எங்கெல்லாம் போனீர்கள்?" என்பது ஒன்று. "எவ்வளவு செலவாயிற்று?" என்பது மற்றொன்று. "பிள்ளையோடு என்ன பேசினீர்கள்?" என்ற மூன்றாவது கேள்வியை எவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் திரும்பியிருந்தால் எங்கள் பயணம் வீணாகியிருக்கும் என்று நாங்கள் கருதுகிறோம். ஆகவே இதை எழுதுகிறோம்.

இதை எழுதும் நாங்கள் ஒரு மகளின் வாப்பாவும் உம்மாவும். எங்கள் ஊர் காயல்பட்டினம். மணமான பின்னும் பெண் தன் தாய்வீட்டிலேயே வாழும் வழக்கம் எங்கள் ஊரில் உண்டு என்பதை வாசகர் பலர் அறிவர். அத்தகைய ஊரிலிருந்து ஒரு பெண்பிள்ளையைப் பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்புக்காக இங்கிலாந்தின் பர்மிங்காம் நகருக்கு அனுப்புவது எளிய முடிவாக இருக்கவில்லை. மஹ்ரமின்றிப் பெண் பயணம் செய்வது குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை அறிந்திருந்தோம். நாங்கள் நம்பும் ஆலிம் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்தோம். அவளுடைய காக்கா உடன்சென்று, தங்குமிடத்தைப் பார்த்து, விட்டுவிட்டு வந்தார். வட்டிக் கடன் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்ததால், ஒரு மனையையும் உம்மாவின் நகைகளில் ஒரு பகுதியையும் விற்றே கட்டணம் செலுத்தினோம். இந்தக் கடைசிச் செய்தியை எழுதத் தயக்கமாக இருக்கிறது. எனினும் பின்னால் சொல்லப்போவதற்கு அது தேவைப்படுகிறது.

ஓராண்டுப் படிப்பு செப்டம்பரில் முடிந்தது. பட்டமளிப்பு விழா டிசம்பரில் நடந்தது. இடியாப்ப மாவையும் மாசியையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, வாழ்வில் முதன்முறையாக ஐரோப்பியக் குளிரில் இறங்கினோம்.

விழாவைப் பற்றி விரிவாக எழுதப் போவதில்லை. வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கியைத் தன் ஹிஜாபின் மேல் சரிசெய்துகொண்டு மகள் வரிசையில் நின்றாள். அவளுடைய பெயரை அறிவித்தவர் அதைப் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் உச்சரித்தார். அவள் மேடையைக் கடந்த நேரம் சில விநாடிகளே இருக்கும். அந்தச் சில விநாடிகளுக்காகவா இத்தனை தூரம் வந்தோம் என்று தோன்றவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று மட்டுமே சொல்லத் தோன்றியது. பயணத்தின் கடினமான பகுதி அதற்குப் பின்னரே தொடங்கியது.

டிசம்பர் மாதத்து இங்கிலாந்தில் பகல் மிகக் குறுகியது. காலை 8 மணியளவில் சூரியன் உதிக்கிறது. மாலை 4 மணி ஆவதற்குள் மறைந்துவிடுகிறது. நண்பகல் 12 மணியளவில் லுஹர், 2 மணிக்கு முன்பே அஸர், 4 மணிக்கு முன்பே மஃரிப். ஊரில் நாள் முழுவதும் பரவி நிற்கும் தொழுகைகள் அங்கே ஒன்றன் தோளில் ஒன்று கைவைத்து வருவதுபோல் வந்தன. ஓராண்டாக மகள் இந்த நேரங்களுக்கு இடையில்தான் வகுப்புக்கும் நூலகத்துக்கும் ஓடியிருக்கிறாள் என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். "தொழுதாயா?" என்று ஒவ்வோர் இரவும் தொலைபேசியில் கேட்டோமே தவிர, "எங்கே தொழுதாய், எப்படித் தொழுதாய்?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. படிக்கட்டின் அடியிலும், ஆளில்லா வகுப்பறையிலும், தோழியின் அறையிலும் தொழுததை அவள் பேச்சுவாக்கில் சொன்னாள். எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

பர்மிங்காமில் ஒன்பது நாள் தங்கினோம். ஷாஃபிஈ மத்ஹபின்படி, வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் ஓரிடத்தில் தங்க எண்ணுபவர் தொழுகையை முழுமையாகத் தொழ வேண்டும் என்பதால் அங்கே கஸ்ர் செய்யவில்லை. ஹனஃபி மத்ஹபில் இந்த வரம்பு பதினைந்து நாள் என்பதால் ராவுத்தர் குடும்பத்தார் எவரேனும் உடன் வந்திருந்தால் அவர்கள் சுருக்கியே தொழுதிருப்பர். பின்னர் லண்டனில் மூன்றே நாள் என்று திட்டமிட்டிருந்ததால் அங்கே சேர்த்தும் சுருக்கியும் தொழுதோம். பயணிக்கு வல்ல ரஹ்மான் அளித்த இந்தச் சலுகை, முழங்கால் வலியுள்ள உம்மாவுக்கு எத்துணை பெரிய அருள் என்பதை அந்தக் குளிரில்தான் அறிந்தோம்.

லண்டனில்தான் அது நிகழ்ந்தது. சுரங்க ரயில் நிலையத்தின் நுழைவாயிலில் பயண அட்டையைப் பொறியின்மேல் வைத்தால் கதவு திறக்கும். உடனே கடந்துவிட வேண்டும். உம்மா அட்டையைத் தவறான பக்கத்தில் வைத்தார். கதவு திறக்கவில்லை. மீண்டும் வைத்தார். பின்னால் கூட்டம் சேர்ந்தது. கதவின் மறுபுறம் நின்ற மகள், "உம்மா, எத்தனை தடவை சொல்றது? பின்னால ஆட்கள் நிக்கிறாங்க!" என்று சற்று உரக்கச் சொல்லிவிட்டாள். சொற்களில் தவறில்லை. குரல்தான் வேறாக இருந்தது. அன்று மாலைவரை உம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பெற்றோரை நோக்கிச் 'சீ' என்றுகூடச் சொல்லலாகாது எனப் பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23ஆம் வசனம் தடுப்பதை நாமெல்லாம் மதரஸாவில் ஓதியிருக்கிறோம். அந்த வசனம் பெற்றோர் முதுமையடைந்து பிள்ளையிடத்தில் இருக்கும் நிலையை எடுத்துப் பேசுகிறது என்பதை மட்டும் நாம் அதிகம் கவனிப்பதில்லை. பெற்றோர் வீட்டில் பிள்ளை இருக்கும்போது பணிவு இயல்பாகவே வந்துவிடும். சோறும் கூரையும் அவர்களுடையவை. பெற்றோர் பிள்ளையின் இடத்துக்கு வந்து, மொழி புரியாமல், வழி தெரியாமல், கதவைத் திறக்கத் தெரியாமல் நிற்கும்போதுதான் அந்தக் கட்டளையின் முழுக் கனமும் பிள்ளையின் தோளில் இறங்குகிறது. படிப்பை முடித்த பிள்ளைக்கு, பெற்றோரை அழைத்துச் செல்லும் அந்தச் சில நாள்களே உண்மையான இறுதித் தேர்வு.

ஆயினும் குற்றத்தைப் பிள்ளைமேல் மட்டும் சுமத்திவிட்டு நகர்ந்தால் அது நீதியாகாது. அன்றிரவு அறையில் அமர்ந்து நாங்கள் எங்கள் கணக்கையும் பார்த்தோம். வந்த நாள் முதல் என்னென்ன சொல்லியிருந்தோம்? ஏன் இப்படி மெலிந்துவிட்டாய். ஏன் இவ்வளவு வேகமாக நடக்கிறாய். அந்தத் தோழி யார், அவள் தகப்பனார் என்ன செய்கிறார். இந்தக் கடையில் ஹலால் என்று எழுதியிருப்பதை எப்படி நம்புவது. அடுத்த மாதம் ஊருக்கு வந்ததும் இன்ன வீட்டாரை வரச் சொல்லியிருக்கிறோம். அவள் ஓராண்டு தனியே சமைத்து, தனியே தொழுது, தனியே காய்ச்சலில் கிடந்து எழுந்தவள். நாங்களோ விமான நிலையத்தில் வழியனுப்பிய அதே சிறுமியிடம் பேசிக்கொண்டிருந்தோம். லுக்மான் அத்தியாயத்தில், நடையில் நடுநிலையைக் கொள்ளவும் குரலைத் தாழ்த்தவும் லுக்மான் (அலை) தம் மகனுக்கு அறிவுரை கூறுகிறார்கள். அந்த அறிவுரை அன்பான விளிச்சொல்லோடுதான் தொடங்குகிறது. எங்களுடைய அறிவுரைகளில் அந்த விளி இருக்கவில்லை.

மறுநாள் வோக்கிங் என்னும் ஊருக்குப் புறப்பட்டோம். அது வாப்பாவின் விருப்பம். லண்டனின் வாட்டர்லூ நிலையத்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய அரைமணி நேரப் பயணம். அங்குள்ள ஷாஜஹான் பள்ளிவாசல் 1889ஆம் ஆண்டு கட்டப்பட்டது. பள்ளிவாசலாகவே திட்டமிட்டு பிரிட்டனில் எழுப்பப்பட்ட முதல் கட்டடம் அதுதான். பெயரைக் கேட்டதும் தாஜ்மஹாலைக் கட்டிய மன்னர் நினைவுக்கு வருவார். உண்மையில் அது போபால் அரசி ஷாஜஹான் பேகத்தின் பெயர். அவர் அளித்த பெருந்தொகையைக் கொண்டு கட்டப்பட்டதால் அப்பெயர் பெற்றது. பெண்பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பியது சரிதானா என்று எங்களைக் கேட்டவர்கள் பலர். கடல் கடந்த நாட்டின் அந்த முதல் பள்ளிவாசல் நம் நாட்டு முஸ்லிம் பெண்ணொருவரின் செல்வத்தால் எழுந்தது என்பதை அவர்களும் அறிந்துகொள்ளட்டும். இமாமைப் பின்பற்றி லுஹரை முழுமையாகத் தொழுதுவிட்டு, அஸரை அதனோடு சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். பச்சைக் குவிமாடத்தின் கீழ் உம்மாவும் மகளும் மீண்டும் பேசிக்கொள்ளத் தொடங்கினார்கள்.

வோக்கிங்கிற்கு அடுத்த நிலையம் புரூக்வுட். நிலையத்தை ஒட்டியே 1854இல் திறக்கப்பட்ட மிகப் பெரிய அடக்கத்தலம் உள்ளது. அதன் முஸ்லிம் பகுதியில், குர்ஆனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த இருவர் அடங்கியிருக்கிறார்கள். ஒருவர் மர்மடியூக் பிக்தால். இஸ்லாத்தைத் தழுவிய ஆங்கிலேயரான அவர், ஹைதராபாத் நிஜாமின் ஆதரவோடு மொழிபெயர்ப்பை முடித்து 1930இல் வெளியிட்டார், 1936இல் மறைந்தார். மற்றவர் அப்துல்லாஹ் யூசுஃப் அலி. அவருடைய மொழிபெயர்ப்பு எங்கள் வீட்டு அலமாரியில் பல்லாண்டுகளாக இருக்கிறது. வாப்பா அந்த மண்ணறையைக் காண விரும்பியதற்குக் காரணம் அதுதான்.

யூசுஃப் அலி 1872இல் பம்பாயில் பிறந்தவர். தந்தையிடம் அரபு கற்றவர். 1891இல், தம் பத்தொன்பதாம் வயதில், கேம்பிரிட்ஜில் படிக்கக் கடல் கடந்தவர். இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் வென்றவர். லாகூரில் 1934 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய மொழிபெயர்ப்பும் விளக்கவுரையும் உலகெங்கும் பரவின. நம் பிள்ளைகள் எட்ட வேண்டும் என்று நாம் கனவு காணும் உயரங்கள் அனைத்தையும் எட்டியவர் அவர். ஆனால் அவருடைய முதல் மணவாழ்வு முறிந்தது. பிள்ளைகள் அவரிடமிருந்து விலகினார்கள். 1953 டிசம்பரில், கவனிப்பாரற்ற முதியவராக லண்டன் நகரத்து வீட்டு வாசலொன்றில் கண்டெடுக்கப்பட்ட அவர், மறுநாளே மருத்துவமனையில் காலமானார். உடலைப் பெற்றுக்கொள்ள உறவினர் எவரும் வரவில்லை. பாகிஸ்தான் தூதரகமே நல்லடக்கத்துக்கு ஏற்பாடு செய்தது. இல்லத்தினுள் நடந்தவற்றை முழுமையாக அறிந்தவன் இறைவன் ஒருவனே. அவர்களைக் குறைகூற எங்களுக்கு உரிமையில்லை. அல்லாஹ் அவர்களுடைய பிழைகளைப் பொறுத்து, அவர்களின் உழைப்பை ஏற்றுக்கொள்வானாக.

அந்த மண்ணறையின் அருகில் நின்று ஃபாத்திஹா ஓதினோம். வாப்பா இந்த வரலாற்றைச் சொல்லி முடித்ததும் மகள் நெடுநேரம் அமைதியாக இருந்தாள். பிறகு, "வாப்பா, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்றாள். படிப்பை முடித்தவர்கள் சில காலம் அங்கேயே தங்கி வேலை பார்க்க 2021 முதல் அந்நாட்டு விதிகள் இடமளிக்கின்றன. அதற்கு அவள் முன்பே விண்ணப்பித்திருந்தாள், அனுமதியும் வந்துவிட்டது. எங்களிடம் சொல்லவில்லை. நாங்கள் திரும்பிச் சென்ற பின்னர் தொலைபேசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தாளாம். "ஏன் மறைத்தாய்?" என்று உம்மா கேட்டார். "மனையையும் நகையையும் விற்று அனுப்பினீர்கள். திரும்பி வரவில்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உம்மா" என்றாள்.

எங்களுக்குச் சினம் வரவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். வந்தது. ஆனால் நின்றிருந்த இடம் அதை வாயளவில் தடுத்துவிட்டது. தந்தையரும் மக்களும் பிரிவது தூரத்தால் என்றே அதுவரை எண்ணியிருந்தோம். ஒரே வீட்டில் இருந்தும் பிரிந்தவர்கள் உண்டு. கடல் கடந்தும் பிரியாதவர்கள் உண்டு. உரிய நேரத்தில் சொல்லப்படாத செய்தியும், சொல்ல முடியாதபடி நாம் உண்டாக்கும் அச்சமும்தான் பிரிக்கின்றன. எங்கள் தியாகம் அவளுக்குப் படிப்பைக் கொடுத்தது. கூடவே, வாயைத் திறக்க முடியாத பாரத்தையும் கொடுத்திருந்தது. அதை நாங்கள் அறியவே இல்லை.

அன்றே தீர்வு கிடைத்துவிடவில்லை. அந்த இரவும் மறுநாள் காலையும் பேசினோம். எங்கள் கவலைகளைச் சொன்னோம். அவள் தன் எண்ணத்தைச் சொன்னாள். இறுதியில் ஓராண்டு வேலை பார்க்கட்டும் என்றும், தீனைப் பேணும் பெண்களோடு சேர்ந்து தங்கட்டும் என்றும், ஓராண்டுக்குப் பின் மீண்டும் கூடிப் பேசி முடிவெடுப்போம் என்றும் ஒப்புக்கொண்டோம். அவளும் ஒரு வேண்டுகோள் வைத்தாள்: தன்னைக் கேட்காமல் எந்த வீட்டாரையும் வரச் சொல்ல வேண்டாம் என்று. திருமணத்தில் பெண்ணின் விருப்பத்தைக் கேட்டறிவது நபிவழி. அதை நினைவூட்ட வேண்டிய நிலையில் மகளை வைத்ததற்காக வருந்தினோம். ஓராண்டு கழித்து என்ன ஆகும் என்பதை இறைவனிடமே ஒப்படைத்திருக்கிறோம்.

இந்த அனுபவத்திலிருந்து நம் குடும்பங்களுக்கு மூன்று செய்திகளைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, பிள்ளைகளுக்கு. பெற்றோர் வரும்போது பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை நீட்டாதீர்கள். ஒரு நாளைக்கு ஓரிடம் போதும். எங்கே உட்காரலாம், எங்கே ஒளூச் செய்யலாம், எங்கே படிக்கட்டுக்குப் பதில் மின்தூக்கி உள்ளது என்பதை முன்னரே பார்த்து வையுங்கள். உங்களுக்குப் பழகிப்போன ஒவ்வொன்றும் அவர்களுக்குப் புதிது. அவர்கள் தடுமாறும்போது பின்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பாருங்கள். அந்தக் கூட்டத்தை நீங்கள் வாழ்வில் மறுபடி சந்திக்கப் போவதில்லை.

இரண்டாவது, பெற்றோருக்கு. பிள்ளையின் இடத்துக்குச் செல்லும்போது சோதனையாளராகச் செல்லாமல் விருந்தாளியாகச் செல்லுங்கள். குறைகளைக் கண்டால் முதல் நாளே சொல்லாதீர்கள். அவள் தொழும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அவன் சமைப்பதை உண்டு பாருங்கள். அவர்களுக்காக எதை விற்றீர்கள் என்பதைச் சொல்லிக்காட்டாதீர்கள். கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவது தர்மத்தின் நன்மையைப் பாழாக்கும் என்று குர்ஆன் எச்சரிக்கிறது. பிள்ளைக்குக் கொடுத்ததிலும் நாம் அந்த எச்சரிக்கையை மறக்கலாகாது.

மூன்றாவது, இரு சாராருக்கும். அடுத்து என்ன என்பதைப் பயணத்தின் நடுவிலேயே பேசிவிடுங்கள். தங்குவதா திரும்புவதா, கடன் உண்டா இல்லையா, திருமணத்தைப் பற்றிய எண்ணம் என்ன என்பவற்றை விமான நிலையத்தின் கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஒத்திவைக்காதீர்கள். எதிரெதிரே அமர்ந்து பேச முடியாததை, ரயிலில் அருகருகே அமர்ந்து பேச முடிகிறது. ஸஃபரில் அப்படியொரு வாய்ப்பு இருக்கிறது.

மறுக்கப்படாத துஆக்கள் மூன்று என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அநீதி இழைக்கப்பட்டவரின் துஆ, பயணியின் துஆ, பிள்ளைக்காகப் பெற்றோர் கேட்கும் துஆ. பிள்ளையைக் காணப் பயணம் செல்லும் பெற்றோரிடம் இவற்றில் இரண்டு ஒருசேர இருக்கின்றன. லண்டன் விமான நிலையத்தில் மகளைப் பிரியும்போது அந்த இரண்டையும் அவளுக்காகவே செலவிட்டோம். நுழைவாயிலில் அட்டையைக் காட்டும் இடம் வந்தபோது, மகள் உம்மாவின் கையைப் பிடித்து, கடவுச்சீட்டை எந்தப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்று மெதுவாக, இரண்டு முறை சொல்லிக் கொடுத்தாள்.

யா அல்லாஹ்! தொலைவில் இருக்கும் எங்கள் பிள்ளைகளின் ஈமானையும் உடல்நலத்தையும் பாதுகாப்பாயாக. எங்களுக்கும் அவர்களுக்கும் இடையே உண்மையும் இரக்கமும் நிலைக்கச் செய்வாயாக. ஆமீன்.